மூன்றாவது மாதிரி

இரண்டு விரல்கள்தான் மிஞ்சின. மற்றவை வலை இழுக்கும் வின்ச்சின் கயிற்றோடு கடலுக்குள் போய்விட்டன.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஷாலு போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் அழுகை இல்லை. மகிழினியைப் பயமுறுத்தியது அதுதான். சின்ன வயதிலிருந்தே அக்கா அழுதால் வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள். அழாவிட்டால் யாருக்கோ அடி விழும்.

"அறிவு எங்கடி?" என்று தன் தம்பியைப் பற்றிக் கேட்டாள் ஷாலு.

"தெர்லக்கா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து போனு சுச்சாஃபு."

"தெர்லயா? இல்ல சொல்ல மாட்டியா?"

மகிழினி பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நேற்று வரை இந்த வீட்டில் டென்னிஸ்தான் எல்லோருக்கும் செல்லம். ஷாலு சண்டை போட்டுக் கட்டிக்கொண்ட புருஷன். சர்ச் வாசலில் மாலை மாற்றிய கையோடு வியாசர்பாடி அம்மன் கோயில் கூழையும் வாங்கிக் குடித்தவன். காசிமேட்டில் தன் அண்ணன் ஆசீர்வாதத்தின் இரண்டு விசைப்படகுகளில் ஒன்றை ஓட்டுகிறான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே நெளியும் சந்தில் ஷாலுவின் அண்ணன் அன்புமணி வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு, கடலுக்குப் போகாத நாளெல்லாம் வந்துவிடுவான். மச்சான்களோடு டீ குடிப்பதற்கு என்று சொல்வான். உண்மையில் மகிழினியின் த்ரீ டி பிரிண்டரை வேடிக்கை பார்க்கத்தான் வருவான்.

நேற்று அவன் கையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

உடைந்த துண்டு மேசைமேல் கிடந்தது. இரவு அன்புமணி படகிலிருந்து பொறுக்கி வந்தது. இழுத்த வலையின் பாரம் பின்னால் ஓடிவிடாமல், வின்ச்சின் பல்சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் சின்ன உறுப்பு அது. பட்டறையில் அதை லாக்கு என்பார்கள். மேலே வெள்ளி நிறம். உடைந்த இடத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அடுக்கு அடுக்காகப் பிளந்து கிடந்தது. நடுவிலே பசையில் ஒட்டிய பழைய பேரிங் குண்டுகள்.

இரும்பு இல்லை. மகிழினி செய்த மாதிரி உருவம்.

அவள் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பிரிண்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணலியில் ஒரு கம்பெனிக்குப் பம்பு மூடி. சூடான ஊசி முனை முன்னும் பின்னும் போய், பிளாஸ்டிக் நூலை உருக்கி, கோட்டின்மேல் கோடாக வைத்துக்கொண்டே இருந்தது. யார் கை போனாலும் அதற்குக் கவலையில்லை.

டென்னிஸ் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பழைய லாக்கைப் போடக் குனிந்து கையை நீட்ட வேண்டும். ஈரத்தில் வழுக்கும். காசிமேட்டில் விரல் போனவர்களை தெருவுக்கு ஒருவரையாவது காட்டலாம். "காலால மிதிச்சா விழற மாரி செஞ்சிக் குடு கொழுந்தியா," என்றான்.

முன்பு என்றால் பெரம்பூரில் யாரிடமாவது மரத்தில் அச்சு செதுக்கி, அதை வார்ப்படத்துக்குக் கொடுத்து, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் இன்னொரு மாதம். அதனால் ஆட்கள் வந்ததை வைத்துப் பழகிக்கொண்டார்கள். பொருளுக்கு ஏற்றபடி கையை வளைத்துக்கொண்டார்கள்.

பிரிண்டர் வந்தபின் அது தலைகீழானது. மகிழினி கம்ப்யூட்டரில் வரைவாள், போட்டுவிட்டுத் தூங்குவாள், காலையில் உருவம் கையில் இருக்கும். டென்னிஸ் அதைப் படகுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பான். மதியத்துக்குள் திரும்பி வருவான். "இங்க கட்ட வெரலு மாட்டிக்கினு வரமாட்டேங்குது." அவள் வரைந்ததை மாற்றுவாள். மறுநாள் வேறொன்று. ஐந்தாறு உருவங்கள் உடைந்தன, வளைந்தன, குப்பைக்குப் போயின. அவள் அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. உடைத்து உடைத்துத்தான் இப்போது ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார்கள். தரமணியில் டிப்ளமா படித்தபோது யாரும் அவளுக்கு இதை இப்படிச் சொல்லித் தரவில்லை. டென்னிஸின் கால் சொல்லித் தந்தது.

கடைசியில் உருவம் அமைந்தது. அம்பத்தூரில் இரும்பில் வெட்டித்தரக் கொடுத்தார்கள். அது வருமுன் மற்றப் படகு முதலாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்றான் டென்னிஸ். "பிளாஸ்டிக்க காட்னா பொம்மைன்னு சிரிப்பானுங்க. கனமா இருந்தாதான் காலுக்கும் தெரியும்."

அது சரி என்று மகிழினிக்கும் பட்டது. உள்ளே வெற்றிடம் விட்டு மூன்று மாதிரிகள் அடித்தாள். பேரிங் குண்டுகளைக் கொட்டிப் பசை ஊற்றி மூடினாள். வெள்ளி நிறம் பூசினாள். கையில் எடுத்தால் இரும்பேதான். அடியில் மட்டும் ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு. அந்தப் பட்டறையின் சட்டம் அது. சிவப்புப் பொட்டு இருந்தால் பார்க்க மட்டும்தான், பாரம் ஏற்றக்கூடாது.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

அன்புமணிக்குப் பூஜை என்றால் பூஜை. லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மிஷினுக்குப் பொட்டு, சுத்தியலுக்கு, ஸ்பேனருக்கு, அலமாரியில் இருந்த ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் சந்தனமும் குங்குமமும். பிரிண்டருக்குத்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய பொட்டு. அதன் தலையில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டு, "இன்னிக்கி ஒரு நாளாவது இத்த தூங்க வுடு" என்று சிரித்தான். பட்டறை முழுவதும் ஒரே சிவப்பு. மகிழினியின் எச்சரிக்கைப் பொட்டும் அதில் கலந்துபோனது.

அம்பத்தூரிலிருந்து வந்த இரும்பு லாக்குகள் கிரீஸ் காகிதம் பிரிக்காமல் பூஜை மேசைக்கு அடியில் இருந்தன. மறுநாள் விஜயதசமி. அன்று தொட்ட வேலை துலங்கும் என்பார்கள். மகிழினி எழுந்திருக்குமுன் அவளுடைய சின்ன அண்ணன் அறிவு இரும்பு என்று நம்பி அலமாரியிலிருந்து லாக்கை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடிவிட்டான். டென்னிஸ் ஐஸ் ஏற்றப் போயிருந்த நேரத்தில் மாமனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவனே பூட்டிவிட்டும் வந்தான்.

இப்போது மகிழினி மேசைக்கடியில் குனிந்து காகிதக் கட்டை இழுத்தாள். இரும்புகள் அப்படியே இருந்தன. நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். வெள்ளி பூசிய மாதிரி ஒன்று இருந்தது.

உடைந்தது ஒன்று. அலமாரியில் ஒன்று.

அவள் அலமாரியின் பின்னால் கைவிட்டுத் தடவினாள். தரையில் மண்டியிட்டு லேத்தின் அடியில் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அன்புமணி திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடி தேடற?"

"அண்ணே, அறிவு எத்தினி போட்ல பூட்னான்?"

அவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். சந்தின் முனையில் ஒரு வண்டி பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டது.

மீன் ஏற்றும் வேன். முதலில் ஆசீர்வாதம் இறங்கினான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவன். வலையும் கயிறும் விற்று இரண்டு படகுக்கு முதலாளியானவன். சாதாரணமாக அதிர்ந்து பேசமாட்டான். அவன் பின்னால் மூன்று ஆட்கள். கடைசியாக ஷாலு. நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. முன்பக்கம் பெரிதாகக் காய்ந்துபோன கறை.

"அக்கா," என்று எழுந்தாள் மகிழினி.

ஷாலு அவளைத் தாண்டிப் போனாள். மேசையில் கிடந்த உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசையில் இருந்த ஒரு குண்டை நகத்தால் பெயர்த்தாள். அது தரையில் விழுந்து உருண்டது. பின்னால் பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதானா?" என்றாள். "இதுக்குதானா தெனம் இங்க ஓடியாந்தாரு?"

"அக்கா, அது சும்மா பாக்கறதுக்கு..."

ஷாலு சுத்தியலை எடுத்தாள். முதல் அடியில் பிரிண்டரின் கண்ணாடித் தட்டு சிதறியது. இரண்டாவது அடியில் சட்டம் வளைந்தது. ஊசி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. உருகிய நூலை வெறும் காற்றில் கக்கிக்கொண்டிருந்தது. அவள் சுத்தியலைப் போட்டுவிட்டு அந்தச் சூட்டு முனையை வெறும் கையால் பற்றிப் பிடுங்கினாள். தசை கருகும் வாடை பட்டறையில் பரவியது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வயர்களோடு பிய்ந்து வந்ததைத் தரையில் அறைந்தாள்.

"பொம்ம செய்றாளாம் பொம்ம!" என்றாள். "என் புருஷன் கைய வச்சி வெளாட்னியேடி!"

மகிழினி தரையில் கிடந்த வயர்களைப் பார்த்தாள். அக்கா சொன்னதில் எது பொய் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆசீர்வாதம் அன்புமணியின் எதிரே வந்து நின்றான். அன்புமணி வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"மச்சான், ஒரே ஒரு கேள்வி. அத பூட்டுனது யாரு?"

"நான்தான்."

அது அவ்வளவு வேகமாக வந்தது. மகிழினி அவனைப் பார்த்தாள். அன்புமணி அவளைப் பார்க்கவில்லை.

"நீயா? அறிவு பூட்டுனாம்னுல்லா பயலுவ சொல்லுதானுவ."

"அவன் எட்த்தாந்து குட்த்தான். பூட்னது நானு. இரும்புன்னு நெனச்சிதான் பூட்னேன் மச்சான். தப்பு என்து. அவன் சின்னப் பையன், அவன வுட்ரு."

"எந்தக் கையால பூட்டுன?"

அன்புமணிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னான். "வலது."

ஆசீர்வாதம் தலையை அசைத்தான். ஆட்கள் இருவர் பின்னாலிருந்து அன்புமணியைப் பிடித்தார்கள். அவன் திமிறினான். லேத் பிடித்து உரமேறிய தோள். ஒருவன் சுவரில் போய் மோதினான். மூன்றாமவன் ஸ்பேனரை எடுத்து அவன் முதுகில் போட்டான். அன்புமணி முழங்கால் மடங்கி விழுந்தான். அடுத்த அடி காதோரத்தில். ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவனை இழுத்துக்கொண்டு போய் மேசை ஓரத்தில் இருந்த வைஸில் வலது கையை வைத்தார்கள். இரும்பைப் பிடித்துக் கவ்வும் வைஸ். அதன் தாடைகளுக்கு நடுவே விரல்கள்.

"மாமா, வேணாம் மாமா!" மகிழினி ஓடினாள். ஒருவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். வாய் தரையில் பட்டது.

ஷாலு பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றவர்கள் போனபின் தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். தடுக்கவில்லை. போகவும் இல்லை.

ஆசீர்வாதமே வைஸின் பிடியைப் பிடித்துத் திருகினான். மெதுவாக. அவசரமே இல்லாதவன்போல. அன்புமணி பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் கண் கீழே கிடந்த மகிழினியின் கண்ணைத் தேடி வந்து நின்றது. அதில் வலி இல்லை. வாயைத் திறக்காதே என்று மட்டும் இருந்தது.

மகிழினி வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மனம் எங்கெங்கோ போனது. அறிவின் பெயரைச் சொன்னால் அண்ணன் கை தப்பும். அறிவின் கை போகும். கை மட்டுமா? சொல்லாவிட்டால் இந்தக் கை. ஒரு கைக்கு ஒரு கை என்று இத்தோடு முடிந்துவிடும். ஆனால் இது இரண்டு பேரின் விஷயம் இல்லை. மூன்றாவது மாதிரி அலமாரியில் இல்லை. அவள் பூசிய வெள்ளி, அவள் அடைத்த கனம், எங்கேயோ ஒரு படகில் பாரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் ஒரு பொருள் கைக்கு வரும்போது முடிந்து போய்த்தான் வரும். இப்போது முடியுமுன்னே வந்துவிடுகிறது. முகம் முழுசாக இருக்கிறது, உள்ளே உயிர் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வைஸ் இன்னொரு சுற்று இறுகியது. அன்புமணியின் தொண்டையிலிருந்து அவனுடையது அல்லாத ஒரு சத்தம் வந்தது.

"சகாய மாதா எங்க?" என்றாள் மகிழினி.

ஆசீர்வாதம் திரும்பினான். "என்னது?"

"உங்க இன்னொரு போட்டு. எங்க மாமா கீது அது?"

"கடல்ல. நேத்து பொழுது சாய கெளம்புச்சி. எதுக்குட்டி கேக்க?"

"அதுலயும் இதே மாரி ஒண்ணு கீது. இரும்பு இல்ல. பாரம் வந்தா பொளந்துடும்."

வைஸின் பிடியிலிருந்து ஆசீர்வாதத்தின் கை நழுவியது. அவன் அன்புமணியின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான்.

"ஏலே, ரெண்டு போட்லயுமா பூட்டுன? சொல்லு."

அன்புமணியின் உதடு அசைந்தது. அவனுக்குத் தெரியாது. ஆம் என்பதா இல்லை என்பதா என்று அவன் தடுமாறிய அந்த இடைவெளியில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப நீ பூட்டல," என்றான் ஆசீர்வாதம் மெல்ல. "நீ போட்டுக்கே வரல."

வைஸைத் தளர்த்தினார்கள். அன்புமணி கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. தள்ளாடி மகிழினியிடம் வந்தான். கை கொடுத்து எழுப்பப் போகிறான் என்று அவள் நினைத்தாள். இடது கையால் ஓங்கி அறைந்தான். அவள் உதடு கிழிந்தது.

"வித்துட்டியேடி," என்றான். "கூடப் பொறந்தவன வித்துட்டியே."

"மத்தியானம் வல இழுப்பானுவ," என்று ஆசீர்வாதம் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். போனை எடுத்துப் பார்த்தான். அந்தத் தூரத்துக்குப் போன் எட்டாது. "கடையில ஒயர்லெஸ் இருக்கு. ஏறுங்க எல்லாரும். நீயும்தாம்ட்டி."

எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நின்றன. வேன் அவற்றின் இடுக்கில் புகுந்து புகுந்து போனது. பின்னால் மீன் கூடைகளுக்கு நடுவே அன்புமணி சாய்ந்து கிடந்தான். எதிரே ஷாலு. அவள் உள்ளங்கையில் தோல் பொங்கி வெள்ளையாக எழும்பியிருந்தது. மகிழினி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"கைய காட்டுக்கா."

"தொடாத."

மகிழினி பாட்டிலை மூடினாள். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை. அதற்கப்பால் ஒன்றுமே நடக்காததுபோலக் கடல். எந்தத் திசையில் அந்தப் படகு என்று மகிழினி பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை வெயில்தான் இருந்தது. கயிற்றைச் சுற்றிய டிரம் பின்னோக்கிச் சுழல்வதை, யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் கையை நீட்டுவதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டென்னிஸும் அப்படித்தானே நீட்டியிருப்பான். காலுக்கென்று செய்த பொருள் கைவிட்டதும் பழைய கைதான் முன்னால் போயிருக்கும்.

காசிமேட்டில் கடை வாசலில் வண்டி நிற்குமுன்பே ஆசீர்வாதம் குதித்தான். கயிற்றுச் சுருள்களைத் தாண்டி உள்ளே போய் ஒயர்லெஸ் செட்டின் குமிழை முறுக்கினான்.

"சகாய மாதா, சகாய மாதா. ஆசீர்வாதம் கூப்புடுதேன். மாசானம்!"

இரைச்சல்.

"ஏ மாசானம்! வின்ச்ச தொடாதீங்கல! கேக்கா?"

இரைச்சல். யாரோ வேறு படகுக்காரர்கள் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி விலகச் சொன்னான். நெற்றி வியர்வை மைக்கில் சொட்டியது. சுவரில் மாதா படத்துக்குக் கீழே டென்னிஸும் ஷாலுவும் எடுத்த கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மகிழினி அதைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தாள்.

"மொதலாளி," என்று ஒரு குரல் வந்தது. "மாசானம் பேசுதேன்."

"வின்ச்சு?"

"வின்ச்சு எங்க மொதலாளி இருக்கு, லாக்கே இல்ல. கழத்தி கடல்ல எறிஞ்சிட்டாம்."

"எவம்ல?"

"நம்ம சின்னவரு மச்சினன். அந்த அறிவுப் பய. நேத்து கெளம்புறப்ப ஓடி வந்து தாவி ஏறுனாம். புது லாக்கு எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னாம். சரின்னு விட்டோம். வல எறங்குன பொறவு அவம்பாட்டுக்குக் கழத்தி வீசிட்டாம் மொதலாளி. வல இழுக்க வழியில்ல. அறுத்து விட்டோம். அம்புட்டும் போச்சி."

மகிழினி தலையை நிமிர்த்தினாள்.

அறிவு ஓடிப்போகவில்லை. நேற்று மாலை உடைந்த துண்டைப் பார்த்ததும், இன்னொன்று எங்கே என்று அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. கரையிலிருந்து விலகிக்கொண்டிருந்த படகில் தாவியிருக்கிறான். டென்னிஸின் அண்ணனுடைய ஆட்களுக்கு நடுவே, டென்னிஸின் கையை எடுத்தவனாக.

"எதுக்குக் கழத்துனேன்னு கேட்டியா?" என்றான் ஆசீர்வாதம்.

"வாயத் தெறக்க மாட்டேங்கான். பயலுவ வயித்தெரிச்சல்ல போட்டு மிதிச்சிட்டானுவ. மூஞ்சியெல்லாம் ஒடஞ்சி கெடக்கு. கம்பத்தோட கட்டிப் போட்டிருக்கோம். அவுத்து விட்டா கடல்ல குதிச்சிருவேம்னு சொல்லுதான். என்ன செய்யட்டும் மொதலாளி?"

அன்புமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீங்கிய கை தொங்கிக்கொண்டிருந்தது. "மச்சான்," என்றான்.

ஆசீர்வாதம் மைக்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். பொத்தானை அழுத்தவில்லை. காரணத்தைச் சொன்னால் டென்னிஸின் கைக்காகக் கொல்வார்கள். சொல்லாவிட்டால் வலைக்காகக் கொல்வார்கள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வெளியே மீன் ஏலம் போடுகிறவர்களின் கூச்சல் வந்து வந்து போனது.

பிறகு அவன் எழுந்து மைக்கை ஷாலுவிடம் நீட்டினான்.

"ஒம் புருசன் கை அவனாலதாம் போச்சி. எம் பயலுவ கை அவனாலதாம் தப்பிச்சி. எனக்கு இதுல தீர்ப்புச் சொல்லத் தெரியல தாயி. ஒனக்குப் புருசன், ஒனக்குத் தம்பி. நீ சொல்லு."

ஷாலு வாங்கிக்கொண்டாள். எரிந்த கையை விட்டு மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கல்யாணப் படத்தை ஒரு முறை பார்த்தாள்.

"மாசானண்ணே. ஷாலு பேசறேன்."

"சொல்லு தாயி. சின்னவரு எப்படி இருக்காரு?"

அவள் மைக்கை இன்னும் வாயருகே இழுத்தாள்.

"அவன அவுக்காதீங்க. கட்டு அப்டியே இருக்கட்டும். உசுரோட கரைக்குக் கொண்டாங்க. எனக்கு வேணும்."

"சரி தாயி. ஆனா பயலுவ இன்னும் கொதிச்சிப் போயிதாம் நிக்கானுவ. என்னால எம்புட்டு நேரம் புடிச்சி வைக்க முடியும்? நீ ஒரு வார்த்த சொன்னா அடங்குவானுவ. சொல்லுதியா?"

அடிக்காதீங்க. அந்த ஒரே ஒரு சொல். மகிழினி அக்காவின் வாயையே பார்த்தாள். அன்புமணியும் பார்த்தான். ஆசீர்வாதம்கூடப் பார்த்தான். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் மகிழினியின் மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"கேக்கா தாயி?" என்றது செட்டு. "அடிக்கக்கூடாதுன்னு சொல்லுதியா? இல்ல..."

மகிழினி மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்கு முன்பே ஷாலு செட்டின் குமிழைத் திருகி அணைத்துவிட்டாள். மாசானத்தின் குரல் நடுவிலேயே அறுந்து நின்றது.